மர்மத் தொடர்களில் முன்கதையும் ட்விஸ்டும்: ஓர் எளிய விளக்கம்

தெருக்கூத்தில் ஒரு வேடம் உள்ளே வரும்போது இரண்டு பேர் முன்னால் திரை பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னால் இருந்தபடியே அந்த வேடம் பாடத் தொடங்கும். நான் இன்னார், இன்னாருடைய மகன், இந்த நாட்டை ஆள்கிறேன், இன்ன காரியமாக வந்திருக்கிறேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் திரை விலகும். அப்போதும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் விடமாட்டான். "யாருங்க நீங்க, எங்கிருந்து வர்றீங்க, என்ன சோலியா வந்தீங்க" என்று இன்னொரு தடவை கேட்டு வாயைப் பிடுங்குவான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. ஒரு பாத்திரம் யார், எவர் என்பது கதைக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஊருக்கே தெரிந்துவிடும்.

மர்மத் தொடர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பது மட்டும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது. எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் மர்மத் தொடர் எழுதுவதில் பாதி வேலை. சில திருப்பங்கள் ஏன் வருஷக்கணக்கில் மனதில் நிற்கின்றன, சில ஏன் "சே, இவ்வளவுதானா" என்று ரிமோட்டைத் தேட வைக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமே ஒரு தொடர் எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

முன்கதை எது?

முதல் எபிசோடுக்கு முன்னால் ஒரு பாத்திரத்துக்கு நடந்தது எல்லாமே முன்கதைதான். பிறந்த ஊர், படிப்பு, காதல், கடன், ஜெயில், எல்லாம். ஆனால் இதில் பெரும்பகுதி பார்ப்பவருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது இன்னும் முடியாமல் கிடக்கும் பகுதி மட்டும். "அவனுடைய அப்பா பத்து வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார்" என்பது வெறும் தகவல். "அப்பா எப்படி இறந்தார் என்று அம்மா இன்றுவரை அவனிடம் வாய் திறக்கவில்லை" என்றால் அது முன்கதை. முதல் வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்தில் அது இன்றைக்கும் அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த முன்கதை வெளியே வந்து, அதுவரை நாம் பார்த்ததையெல்லாம் வேறு மாதிரி பார்க்க வைக்கும் இடம்தான் திருப்பம். ட்விஸ்ட் என்கிறோமே, அது.

யாரும் ஊகிக்காத ஒன்றைச் சொன்னால் அது நல்ல ட்விஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊகிக்க முடியாததைச் சொல்வது மிகவும் சுலபம். கடைசி எபிசோடில் ஓசூர் பஸ்ஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் இறங்கி வந்து "கொலையைச் செய்தது நான்தான்" என்று சொன்னால் எவராலும் ஊகித்திருக்க முடியாது. யாருக்கும் அது ஒரு பொருட்டாகவும் இருக்காது. நல்ல திருப்பத்தில் "என்னது!" என்ற அதிர்ச்சிக்கு அடுத்த நொடியே "ஆமால்ல, அன்னைக்கே பார்த்தோமே" என்று வந்தாக வேண்டும். அந்த இரண்டாவதுதான் அருமை. பாத்திரத்தின் பழைய வாழ்க்கை முதல் எபிசோடிலிருந்தே அதன் நடத்தையில் வேலை செய்துகொண்டிருந்தால்தான் அது வரும். நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம்.

உட்கார்ந்தே இருக்கும் மனிதர்

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் 2004-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'லாஸ்ட்'. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும் விமானம் ஒரு தீவில் விழுந்து நொறுங்குகிறது. பிழைத்தவர்களின் கதைதான் தொடர். தொடக்கத்தில் பெரும்பாலான எபிசோடுகள் தீவில் நடப்பதையும், ஒருவருடைய பழைய வாழ்க்கையையும் மாற்றி மாற்றிக் காட்டும்.

அந்தக் கூட்டத்தில் ஜான் லாக் என்று ஒருவர். டெரி ஓ'குவின் நடித்திருந்தார். தீவில் மற்றவர்கள் பயந்து நடுங்கும்போது இவர் மட்டும் கத்திகளை எடுத்துக்கொண்டு காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்புகிறார். யார் இவர், ராணுவமா, வேட்டைக்காரரா என்று நமக்குத் தோன்றுகிறது. நான்காவது எபிசோடில் அவருடைய முன்கதை வருகிறது. ராணுவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் சாதாரண மனிதர். வயதில் சின்னவரான மேலதிகாரி அவரைக் கேலி செய்கிறார். மதிய இடைவேளையில் உடன் வேலை செய்பவரோடு பலகை விளையாட்டு ஆடுகிறார். ராத்திரி படுக்கையில் இருந்தபடி போனில் பேசுகிறார். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் நடைப்பயணம் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. அங்கே போயும் விடுகிறார். ஆனால் பயண ஏற்பாடு செய்பவர், உங்களைக் கூட்டிப்போக முடியாது என்று சொல்லிவிடுகிறார். லாக் கோபத்தில் கத்துகிறார். பஸ் கிளம்புகிறது. அவர் திரும்பும்போதுதான் கேமரா முதல்முறையாக அவரை முழுதாகக் காட்டுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

விமானம் விழுவதற்கு முன்பு அவரால் நடக்க முடியாது. தீவில் கண் விழித்தபோதுதான் கால் விரல்கள் அசைந்தன.

இப்போது பின்னால் போய்ப் பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். விளையாடும்போது உட்கார்ந்திருந்தார். போனில் பேசும்போது படுக்கையில் இருந்தார். பயண அலுவலகத்திலும் உட்கார்ந்தேதான் பேசினார். எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் நம் கண் முன்னால்தான் வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் "ஏன் எழுந்திருக்கவில்லை" என்று யாரும் கேட்க மாட்டோம் என்பதை எழுதியவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். நம்முடைய வழக்கமான எண்ணத்துக்குள்ளேயே ரகசியத்தை ஒளித்து வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திருப்பம் லாக்கை வேறு ஆளாக்கவில்லை. அவர் ஏன் அந்தத் தீவை விட்டுப் போக விரும்பவில்லை, ஏன் மற்றவர்கள் அழும்போது இவர் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் புரிகிறது. திருப்பம் வந்த பிறகு பாத்திரம் குழம்பிப்போனால் எழுத்தில் எங்கோ கோளாறு. தெளிவானால் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

யாருக்குத் தெரியும்?

கர்ண மோட்சம் கூத்து விடிய விடிய நடக்கும். கர்ணன் குந்தியின் மகன் என்பது முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குந்திக்குத் தெரியும், கண்ணனுக்குத் தெரியும். போருக்கு முன்னால் கர்ணனுக்கும் தெரிந்துவிடுகிறது. அம்பு விடுகிற அர்ச்சுனனுக்குத் தெரியாது. தருமனுக்கும் பீமனுக்கும்கூட கர்ணன் விழுந்த பிறகுதான் தெரிகிறது, தாங்கள் கொன்றது சொந்த அண்ணனை என்று.

இங்கே நமக்கு ஆச்சரியம் என்று எதுவும் இல்லை. இருந்தும் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டத்தில் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாள், போர் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் கதி என்ன என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் சுற்று வட்டார ஊர்களெல்லாம் வந்து நிற்கின்றன. ரகசியத்துக்கு உள்ள பலம் அது மறைந்திருப்பதில் மட்டும் இல்லை, யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற இடைவெளியில் இருக்கிறது என்பதைக் கூத்து நமக்கு எப்போதோ காட்டிவிட்டது.

மர்மத் தொடரில் இந்த இடைவெளியை மூன்று விதமாக வைக்கலாம். பாத்திரத்துக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கொலையாளியை மறைத்து வைக்கும் தொடர்கள் எல்லாம் இந்த ரகம். நமக்குத் தெரியும், உடன் இருப்பவர்களுக்குத் தெரியாது. கர்ணன் கதை இது. மூன்றாவது அபூர்வமானது. நமக்கும் தெரியாது, அந்தப் பாத்திரத்துக்கே தன்னைப் பற்றித் தெரியாது. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் பழைய கொலை ஒன்றை விசாரிக்கக் கிளம்பி, தேடிக்கொண்டிருந்த ஆள் தானேதான் என்று கண்டுபிடிப்பது இப்படிப்பட்ட கதை. அந்தக் கால கிரேக்கர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்பது வேறு விஷயம். அவர்களும் நம் கூத்துக் கூட்டம் மாதிரிதான்.

கைதேர்ந்தவர்கள் ஒரே ரகசியத்தை இந்த மூன்றுக்கும் நடுவில் நகர்த்துவார்கள். முதல் நான்கு எபிசோட் நமக்குத் தெரியாமல் வைத்திருப்பார்கள். ஐந்தாவதில் நமக்கு மட்டும் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு, தெரியாத மற்ற பாத்திரங்கள் அந்த ஆளோடு ஒரே காரில் ஏறும்போது நமக்கு வயிற்றைப் பிசையும். ஆச்சரியம் ஒரு தடவைதான் வேலை செய்யும். பயம் எபிசோட் எபிசோடாக ஓடும்.

மாங்கூழ் ஆலையில் ஒரு கணக்குப்பிள்ளை

இதெல்லாம் கையில் எப்படி வரும் என்று பார்க்க, இல்லாத ஒரு தொடரை நாமே எழுதிப் பார்க்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. மே, ஜூன் மாதம். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. எட்டு எபிசோட். முதல் எபிசோடின் முடிவில் ஆலை முதலாளி தன் தோப்பில் செத்துக் கிடக்கிறார்.

ஆலையில் மாதேஷ் என்று ஒரு கணக்குப்பிள்ளை. நாற்பது வயதுக்குள் இருக்கும். சேலத்துப் பக்கம் சொந்த ஊர் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தவர். குறைந்த சம்பளம், லீவு எடுக்க மாட்டார். அவருடைய முன்கதையை நாம் முதலில் எழுதி வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே முதலாளியிடம் கணக்கு எழுதியவர் மாதேஷின் அப்பா. மண்டிப் பணத்தைத் திருடிவிட்டார் என்று பழி வந்தது. ஊரை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பையன் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அத்தை வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தான். இப்போது அவன் வந்திருப்பது கொல்வதற்கு இல்லை. அப்பா கையால் எழுதிய பழைய பேரேடுகளைத் தேடி வந்திருக்கிறான்.

இந்தப் பழைய வாழ்க்கை இன்றைய நடத்தையில் எங்கெல்லாம் தலை காட்டும்? முதல் எபிசோடிலேயே யாரோ கேட்க, "கன்னடமா, எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்க" என்று மாதேஷ் சொல்லிவிட வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி என்று மூன்று மொழி புழங்கும் மாவட்டத்தில் இந்தப் பேச்சு இயல்பாக வரும், யாரும் கவனித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது எபிசோடில் முதலாளி உயிரோடு இருந்த நாளைக் காட்டும் ஒரு காட்சி. "பரண்ல கெடக்குற பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுடுப்பா" என்கிறார். "சரிங்க மொதலாளி." அடுத்த காட்சியில் மாதேஷின் அறையில் கட்டிலுக்கு அடியில் பழைய நோட்டுக் கட்டுகள். சிக்கனமான ஆள், தானே எடைக்குப் போட்டு நாலு காசு பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். நினைக்கத் தோதாக, அதற்கு முன்பே அவர் டீக்கடையில் சில்லறை எண்ணி வாங்குவதைக் காட்டி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது எபிசோட்தான் எனக்குப் பிடித்த இடம். எடை மேடைக்கு அருகே லாரி பின்னால் வருகிறது. மாதேஷ் லாரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரு விவசாயியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். டன்னுக்கு இவ்வளவுதான் என்று ஆலை விலையைக் குறைத்துவிட்டது, விவசாயி கொதித்துப்போய் இருக்கிறார். "வருசம் பூரா தண்ணி கட்டி வளத்தது, லாரி வாடகைக்குக்கூட கட்டல." நாம் அந்த மனிதரின் முகத்தைத்தான் பார்க்கிறோம். அவருக்காகத்தான் மனசு பதைக்கிறது. லாரியின் பின்னாலிருந்து கர்நாடகத்துக் கிளீனர் கத்துகிறான்: "ஹிந்தெ நோடு!" மாதேஷ் திரும்பிப் பார்த்து, விவசாயியையும் இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறார். அப்புறம்தான் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பேச்சு விட்ட இடத்தில் தொடர்கிறது.

அவ்வளவுதான். பின்னால் பார் என்று கன்னடத்தில் சொன்னதைக் கன்னடம் தெரியாதவர் புரிந்துகொண்டார், அதுவும் ஹாரனுக்கு முன்னால். இதைப் பிடிக்கும் கூர்மையான ரசிகர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம், இருக்கட்டும். மற்றவர்கள் விலைச் சண்டையில் மூழ்கியிருப்பார்கள். அந்தச் சண்டை வெறும் போர்வையாக இருக்கக்கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். விவசாயியின் கஷ்டம் கதைக்கு உண்மையாகவே தேவைப்பட வேண்டும், முதலாளியைக் கொல்ல யாருக்கெல்லாம் காரணம் இருந்தது என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதிலாக வேண்டும். துப்பு வரும் காட்சிக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தால் துப்பு தானாக மறைந்துகொள்ளும். துப்புக்காகவே போட்ட காட்சி என்றால், கேமரா ஒரு நொடி அதிகமாக நின்றாலே போதும், வீட்டில் பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.

ஏமாற்றாமல் மறைப்பது

மறைப்பது நியாயம், பொய் சொல்வது நியாயம் இல்லை. இந்தக் கோட்டைப் பற்றி ரொம்ப நாளாகப் பேச்சு உண்டு. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929-ல் இந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பு வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம். முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பதும் ஒன்று. நம் நெடுந்தொடர்களில் செத்துப்போனவர் இரட்டைப் பிறவியாகத் திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு நாக்ஸ் ஞாபகம்தான் வரும்.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 'டல்லாஸ்' தொடர் பெரிய பாடம். அது மர்மத் தொடர் இல்லை, குடும்பக் கதைதான். ஆனால் 1980 மார்ச்சில் அதன் முக்கியப் பாத்திரமான ஜே.ஆரை யாரோ சுட்டுவிட, சுட்டது யார் என்று எட்டு மாதம் அமெரிக்காவே பேசியது. நவம்பரில் விடை வந்த இரவு அந்த நாட்டில் எட்டுக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதே தொடரில் பாபி என்ற பாத்திரம் 1985-ல் இறந்துபோனது. நடிகரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1986-ல் பாபியின் முன்னாள் மனைவி பாம் கண் விழித்துப் பார்த்தால் பாபி குளித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு வருஷம் ஓடிய கதை முழுக்க அவள் கண்ட கனவாம்! யாரும் ஊகிக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு வருஷம் கூடவே இருந்து அழுத பார்வையாளர் அந்த அழுகைக்கு என்ன கணக்குச் சொல்வார்?

பாத்திரம் மற்றவர்களிடம் பொய் சொல்லலாம். மாதேஷ் தாராளமாகச் சொல்லலாம். அவர் தனியாக அறையில் இருக்கும்போது, எதிரில் யாரும் இல்லாதபோது, பொய்யாக நடிக்கக் கூடாது. அப்போது அவரை நடிக்க வைத்தால், ஏமாற்றுவது அவரில்லை, எழுத்தாளர்.

மச்சமும் சிலம்பும்

உண்மை எந்த வழியாக வெளியே வர வேண்டும்? மச்சம், தழும்பு, பாதி கிழிந்த போட்டோ, குடும்பப் பாட்டு என்று நமக்கு ஒரு பெரிய பட்டியலே பழக்கம். அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்த அடையாளப் பொருள்களைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டார். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை தானாக வெளிப்படுவதுதான் உயர்ந்தது என்றார். பெரும்பாலும் அவர் சொல்வதே சரி. பொருள் சும்மா கிடக்கிறது. யாரோ எடுத்துப் பார்த்தால் கதை முடிகிறது. அதில் எந்தப் பாத்திரத்துக்கும் வேலை இல்லை.

ஆனால் சிலம்பு என்ற ஒரு பொருளை வைத்து இளங்கோ செய்ததைப் பாருங்கள். கண்ணகி தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். பாண்டியன் வாயாலேயே "எங்கள் சிலம்பில் இருப்பது முத்து" என்று வருகிறது. அப்புறம்தான் உடைக்கிறாள். அரசன் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நொடியில், சிலம்பு உடையும் முன்பே, தன் தீர்ப்பைத் தானே எழுதிவிட்டான். எந்த உண்மை ஒருவரை அழிக்கப் போகிறதோ, அதன் சாவியை அவர் கையாலேயே கொடுக்க வைப்பது. மர்மத் தொடர் எழுத நினைக்கும் யாரும் வழக்குரை காதையை மட்டுமாவது நிதானமாகப் படித்துவிட வேண்டும் என்பேன்.

இதையே மாதேஷுக்குச் செய்யலாம். போலீஸ் அவர் அறையைச் சோதனை போட்டு பேரேட்டைக் கண்டுபிடித்தால் அது மச்சம் வகை. அதைவிட, செத்துப்போன முதலாளியின் மகள் பழைய கணக்கில் ஒரு வரி புரியாமல் மாதேஷைக் கூப்பிட்டு, "இந்தக் கையெழுத்து படிக்கவே முடியல, பாத்துச் சொல்லுங்கண்ணா" என்று நீட்டினால்? அவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், கோழி கிண்டியது போன்ற அந்த எழுத்தைக் கடகடவென்று படித்துவிடுகிறார். சிறு வயதில் அப்பா எழுதிய கடிதங்களைப் படித்துப் படித்துப் பழகிய கண். அவள் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்கிறாள். அவருக்கும் புரிந்துவிடுகிறது. போலீஸும் ஃபிளாஷ்பேக்கும் இல்லாமலே உண்மை வெளியே வந்துவிட்டது.

ஃபிளாஷ்பேக் பற்றிச் சுருக்கமாக. அது தப்பில்லை. பார்ப்பவர் கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முன்னால் வந்தால்தான் தப்பு. நம் தொடர்களில் கொலையாளி பிடிபட்டதும் இருபது நிமிஷம் உட்கார வைத்துக் கதை சொல்ல விடுகிறார்கள். ஏழு எபிசோட் கட்டிய விறுவிறுப்பு அங்கே வடிந்துபோகிறது.

எப்போது சொல்வது?

1990 ஏப்ரலில் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' வந்தது. மரங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல் கரை ஒதுங்குகிறது. கொன்றது யார் என்ற கேள்வியை அவ்வளவு சீக்கிரம் முடிக்கும் எண்ணம் படைத்தவர்களுக்கு இல்லை. சேனல் நெருக்கியது. அதே வருஷம் நவம்பரில் விடை சொல்லப்பட்டது. அதன் பிறகு பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போய், 1991-ல் தொடர் நின்றது. ரகசியத்தைச் சொல்லிவிட்டால் தொடர் செத்துவிடும் என்று பலர் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. விடை வந்த எபிசோட் இன்றும் பார்ப்பவரை உலுக்குகிறது. குறை அதற்குப் பிறகு. விடை தெரிந்த பின் அந்த ஊர் எதை நோக்கிப் போகிறது என்பதை யாரும் தயாராக வைத்திருக்கவில்லை.

அந்தத் தொடரில் இன்னொரு சம்பவம் உண்டு. செட்டில் பொருள்களை அடுக்கும் வேலையில் இருந்த ஃப்ராங்க் சில்வாவின் உருவம் ஒரு காட்சியில் கண்ணாடியில் தற்செயலாகப் பதிந்துவிட்டது. மற்றவராக இருந்தால் மறுபடி எடுத்திருப்பார்கள். லிஞ்ச் அதை வைத்துக்கொண்டார். அந்த முகமே தொடரின் மிகப் பயங்கரமான பாத்திரமாக வளர்ந்தது. முன்கதையை முழுசாக எழுதி முடித்த பிறகும் கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

தமிழில் இந்தக் கலையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது 1990-களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். அதில் 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்கு, வெள்ளைக் குதிரை வரும் காட்சியில் வீடே அமைதியானது ஞாபகம் இருக்கும். தப்பு செய்தவர்களைக் கருப்பசாமிதான் தண்டிக்கிறாரா, மனிதக் கையா என்ற கேள்வியை அது கடைசிவரை இழுத்துப் பிடித்தது. ஊரே நம்பும் ஒரு தெய்வம் கதைக்குள் இருந்ததால், "மனிதர் யாராவது செய்திருப்பார்களோ" என்ற சந்தேகத்தை ஊர்க்காரர்களே அடக்கினார்கள். அங்கே எழுத்தாளர் துப்புகளை மறைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை, ஊரின் நம்பிக்கையே மறைத்துக் கொடுத்தது. 2022-ல் வந்த 'சுழல்' தொடர் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு கோத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். காவேரிப்பட்டினத்து மயானக் கொள்ளையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் முழுக்க வேடம் போட்டு நிற்கும் நாளில் முகத்தை மறைக்கத் தனியாக ஒருவர் பாடுபட வேண்டியதில்லை.

சரி, மாதேஷை எந்த எபிசோடில் வெளிப்படுத்துவது? எட்டாவதில் வைத்தால் அது வெறும் விடையாகிவிடும். கொலையாளி அவர் இல்லை என்பதால் ஒரு சின்ன ஏமாற்றமாகக்கூடப் போய்விடும். நான் ஐந்தாவதின் முடிவில் வைப்பேன். அந்தப் பேரேட்டுக் காட்சியோடு எபிசோட் முடியட்டும். அதன் பிறகு மூன்று எபிசோட் கையில் இருக்கிறது. போலீஸுக்கு இது தெரிந்தால் மாதேஷ்தான் முதல் குற்றவாளி, அவ்வளவு வலுவான காரணம் வேறு யாருக்கும் இல்லை. அது முதலாளியின் மகளுக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்தால் ஒரு நிரபராதி உள்ளே போவார். திறக்காவிட்டால், அந்தப் பேரேட்டில் தன் அப்பா என்ன செய்தார் என்று இருக்கிறதோ அதையும் அவளே படித்தாக வேண்டும். ஆறாவது எபிசோடை அவளிடமிருந்துதான் தொடங்குவேன். இரவு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் போன் செய்து, "உங்க கணக்குப்பிள்ளை எந்த ஊரும்மா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேலத்துப் பக்கம்னுதான் சொன்னாருங்க" என்கிறாள்.